மடியில் கனமும் விரலில் வியர்வையும்



நம் வேளாங்கண்ணி அன்னை திருவிழாவின் உணவுக் கடைகளில் சேர்ந்த பணத்தில் 1,840 டாலர் குறைகிறது. மவுண்ட் ரோஸ்கில் முதல் பாப்பாடோய்டோய் வரை எல்லா வீட்டுச் சமையலறைகளிலும் இதுவே பேச்சு என்பதால், இங்கு எழுதுவதால் எந்த மறைபொருளும் வெளிப்பட்டுவிடாது. அப்பணத்தை வாங்கிய, எண்ணிய, சுமந்த, பூட்டிய பன்னிருவரையும் பொய் கண்டறியும் கருவியின் முன் அமர்த்த வேண்டும் என்றும், அதற்காகும் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் நம்மில் சிலர் கையொப்பமிட்டு எனக்கொரு மடல் அளித்துள்ளனர். அம்மடலுக்கு என் விடை ஒரே சொல்: மாட்டேன்.

அச்சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால், "சாமி யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார்" என்ற பேச்சு அதற்குள் எழுந்துவிட்டது. ஆகவே என் மறுப்புக்கான காரணங்களை முழுவதும் எழுதுகிறேன். நீளம் கண்டு சலிப்போர் பொறுத்தருள்க.

மடலை எழுதியோர் தீய எண்ணம் உடையோர் அல்லர். திருவிழாவிற்கு மூன்று நாள் விடுப்பெடுத்து உழைத்தவர்களும் அவர்களுள் இருக்கின்றனர். அவர்களுடைய வாதம் முழுவதும் ஒரு பழமொழியில் அடங்கும்: மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை. குற்றமற்றவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தக் கருவியும் அதே பழமொழியின்மீதுதான் கட்டப்பட்டது. அப்பழமொழி பொய் என்பதே என் வாதம்.

அக்கருவி செய்வது என்ன? மார்பிலும் வயிற்றிலும் சுற்றிய குழாய்கள் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கின்றன. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்க்கும் அதே பட்டை கையில் சுற்றப்படுகிறது. விரல்களில் மாட்டிய இரு தகடுகள் வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை எவ்வளவு மாறுகிறது என்று காட்டுகின்றன. இவ்வளவே. மூச்சு, அழுத்தம், வியர்வை. பொய் என்பதற்கென்று மனித உடலில் தனி அடையாளம் ஏதும் இல்லை. அச்சமும் சினமும் நாணமும் அவமானமும் ஒரே வியர்வையைத்தான் வரவழைக்கின்றன. ஆங்கிலத்தில் இதனைப் பொய் காட்டி என்கின்றனர். நம் நாளேடுகளோ "உண்மை கண்டறியும் சோதனை" என்று இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டன. வியர்வைமானி என்று பெயரிட்டிருந்தால் எவரும் மடல் எழுதியிருக்க மாட்டார்கள்.

சோதனையாளர் கேட்கும் வினாக்கள் இரு வகை. "திருவிழாப் பணத்தை எடுத்தாயா?" என்பது ஒன்று. "உன்னை நம்பியவரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்பது போன்ற பொது வினா மற்றொன்று. குற்றமற்றவர் பொது வினாவுக்கே அதிகம் பதறுவார், குற்றவாளி முதல் வினாவுக்கே அதிகம் பதறுவார் என்பது இம்முறையின் அடிப்படை நம்பிக்கை. இதனை நம் மக்களோடு பொருத்திப் பாருங்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் தம் பழைய பொய்களையெல்லாம் அறிக்கையிட்டு மன அமைதி பெற்ற ஒரு தாய் பொது வினாவுக்கு ஏன் பதற வேண்டும்? ஆனால் "பணத்தை எடுத்தாயா?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டால், ஊரார் முன் தலைகுனிய வேண்டி வருமோ என்று அவர் நெஞ்சு படபடக்கும். கருவி அவரையே குற்றவாளி என்னும். மறுபுறம், பொது வினா வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளவோ காலணிக்குள் ஆணியை வைத்து மிதிக்கவோ கற்றவன் தூயவனாக வெளிவருவான்.

இது கற்பனையன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1978இல் ஃபிலாய்ட் ஃபே என்பவர்மீது கொலைப்பழி விழுந்தது. தாம் குற்றமற்றவர் என்ற துணிவில் அவரே இசைந்து சோதனைக்கு அமர்ந்தார். கருவி அவரைப் பொய்யர் என்றது. சிறை சென்ற அவர், உண்மைக் குற்றவாளிகள் பிடிபட்ட பிறகே வெளியே வந்தார். சிறையிலிருந்த காலத்தில் அக்கருவியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, குற்றத்தைத் தம்மிடம் ஒப்புக்கொண்ட உடன்கைதிகள் 27 பேருக்குக் கால் மணி நேரம் பயிற்சி அளித்தார். அவர்களுள் 23 பேர் கருவியை ஏய்த்தனர். கேரி ரிட்ஜ்வே 1984இல் இச்சோதனையில் தேறினான். 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். அமெரிக்க உளவுத்துறையின் மறைகளை சோவியத்துக்கு விற்றுக்கொண்டிருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் தேறினான். மடியில் கனத்தோடு அவர்கள் அமைதியாக வழி நடந்தார்கள்.

நற்செய்தியிலும் இதுவே. ஒலிவ மலையில் இரத்தம் போல் வியர்வை சிந்தியவர் குற்றமற்றவர். அவரை முத்தமிட்டவனின் கை நடுங்கியதாக நால்வருள் எவரும் எழுதவில்லை.

இக்கருவியின் பிறப்பே விந்தையானது. இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியலாம் என்று பறைசாற்றிய வில்லியம் மார்ஸ்டன் என்பார், ஃப்ரை என்ற கறுப்பின இளைஞரின் கொலை வழக்கில் தம் சோதனை முடிவைச் சான்றாக அளிக்க முற்பட்டார். 1923இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. துறை அறிஞரிடையே பொதுவாக ஏற்கப்படாத முறை நீதிமன்றத்திற்கு உதவாது என்ற அத்தீர்ப்பு உலகப் புகழ் பெற்றது. மார்ஸ்டனோ பின்னாளில் 'வொண்டர் உமன்' என்னும் படக்கதை நாயகியைப் படைத்தார். தன் கயிற்றில் சிக்கியவரை உண்மை பேச வைப்பாள் அவள். நம் பிள்ளைகள் திரைப்படத்தில் பார்க்கும் மந்திரக் கயிறும் நீங்கள் வாடகைக்கு எடுக்கச் சொல்லும் கருவியும் ஒரே மனிதரின் ஆசையிலிருந்து பிறந்தவை.

சரி, ஆய்ந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியினர் ஒரு சோதனை செய்தனர். இதழ் அலுவலகம் ஒன்றில் புகைப்படக் கருவி களவுபோனதாகச் சொல்லி, சோதனையாளர்களைத் தனித்தனியே அழைத்தனர். களவு ஏதும் நிகழவில்லை. ஒவ்வொரு சோதனையாளரிடமும், "இன்னார்மீது எங்களுக்கு ஐயம்" என்று வெவ்வேறு பணியாளரின் பெயரைச் சொல்லி வைத்தனர். ஒவ்வொருவரும் தம் காதில் ஓதப்பட்ட பெயருக்குரியவரையே குற்றவாளி என்று கண்டறிந்தனர்! கருவி ஒரே வகை. மாறியது காதில் விழுந்த பெயர் மட்டுமே. நம் பன்னிருவருள் யார் பெயர் சோதனையாளரின் காதுக்கு முதலில் போகும் என்று சொல்ல வேண்டுமா? அது ஏற்கெனவே நம் வாட்ஸாப் குழுவில் போய்க்கொண்டிருக்கிறது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வு மன்றம் 2003இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நேர்மையாக அதன் இரு பக்கங்களையும் சொல்கிறேன். ஏய்க்கும் பயிற்சி பெறாதவரிடம், குறிப்பிட்ட ஒரு நிகழ்வைப் பற்றிக் கேட்கும்போது, இச்சோதனை குருட்டு ஊகத்தைவிட மேலானது, ஆனால் முழுமைக்கு வெகு கீழானது என்று அவ்வறிக்கை கூறியது. பிறகு ஒரு கணக்குப் போட்டது. 10,000 பணியாளர்களுள் 10 உளவாளிகள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், குற்றமற்றவர் 1,598 பேரும் சேர்ந்து சிக்குவர். குற்றமற்றவர் சிக்குவதை 40 பேர் அளவுக்குக் குறைக்க விரும்பினால், 10 உளவாளிகளுள் 8 பேர் தப்பிவிடுவர்.

நம் கணக்கையும் போடுவோம். கருவி பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். பன்னிருவருள் ஒருவர் திருடியிருந்தால், எஞ்சிய 11 பேருள் சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல் பொய்யர் என்று முத்திரை குத்தப்படுவர். அதாவது, கருவி சுட்டும் ஒருவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். பன்னிருவருள் எவருமே திருடவில்லை, எண்ணுவதில் பிழை நேர்ந்தது என்று கொள்வோம். அப்போதும் யாரேனும் ஒருவரையாவது கருவி திருடர் ஆக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 72. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1,840 டாலருக்காக இச்சூதாட்டத்தில் நான் எவருடைய நற்பெயரையும் பணயம் வைக்க மாட்டேன். ஒருவரின் நற்பெயருக்கு முறையின்றி ஊறு செய்யலாகாது, அவருடைய அந்தரங்கத்தை மீறலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 220ஆம் பிரிவே கூறுகிறது.

"நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து துல்லியம்" என்று விளம்பரங்களில் வருகிறதே என்பீர்கள். அவ்வெண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆய்வகத்தில் மாணவர்களை விளையாட்டாய்த் திருடச் சொல்லி நடத்தும் சோதனைகளில் எவருக்கும் இழக்க ஏதுமில்லை. உண்மை வழக்குகளிலோ, யார் குற்றவாளி என்பது பெரும்பாலும் வாக்குமூலத்தால்தான் தெரியவருகிறது. சோதனையில் தோற்றவரைத்தான் சோதனையாளர் நெருக்குகிறார்; நெருக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால் கருவிக்கு ஒரு வெற்றி. தேறிவிட்ட குற்றவாளியை எவரும் நெருக்குவதில்லை; அந்தத் தவறு எக்கணக்கிலும் ஏறுவதில்லை. தோற்றும் ஒப்புக்கொள்ளாத குற்றமற்றவரும் கணக்கில் வருவதில்லை. தன் பிழைகளைத் தானே மறைத்துக்கொள்ளும் கணக்குப் புத்தகம் இது. நம் நிதிக்குழு இப்படிக் கணக்கெழுதினால் விடுவீர்களா?

இப்போது என் பணிக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். நெருப்பையும் நீரையும் கொண்டு உண்மையைச் சோதிப்பது நமக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சுசீந்திரம் கோயிலின் 'கைமுக்கு' பற்றிப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பழி சுமத்தப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும், புண்ணில்லையேல் குற்றமில்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதே வேலையை எம்போன்ற குருக்களே செய்தனர். கொதிநீரையும் பழுக்கக் காய்ச்சிய இரும்பையும் மந்திரித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தன் 18ஆம் விதியில் அதனைத் தடை செய்தது. குரு ஆசி அளிக்காவிடில் சோதனைக்கு மதிப்பில்லை. ஆகவே அச்சோதனைகள் தேய்ந்தன. இங்கிலாந்து நடுவர் குழுவை நோக்கித் திரும்பியது. ஆக்லாந்து உயர் நீதிமன்றத்தில் இன்று அமரும் பன்னிரு நடுவர்களின் முறை அந்தத் தடையின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

மடலில் கையொப்பமிட்ட ஒருவர், எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரத்தை எனக்கு நினைவூட்டினார். கணவனின் ஐயத்துக்குள்ளான மனைவி குரு கொடுக்கும் கசப்பு நீரைக் குடிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விவிலியத்தில் இருப்பது உண்மையே. ஆனால் கொடுத்த நீரில் இருந்தது ஆலயத் தரையின் புழுதியும் கழுவிய எழுத்தும் மட்டுமே. இயல்பாக அது எவரையும் கொல்லாது. கடவுள் குறுக்கிட்டால் ஒழிய அவள் குற்றமற்றவளாகவே வீடு திரும்புவாள். நெருப்புச் சோதனையோ கடவுள் குறுக்கிட்டால் ஒழியக் குற்றவாளி ஆக்குவது. இந்தக் கருவி எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லும். அதே விவிலியத்தின் இணைச்சட்ட நூல் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. அந்த வரியை மடலில் காணோம்.

திருச்சபையின் வரலாறு இதில் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. 866இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் பல்கேரியருக்கு எழுதிய மடலில், வதைத்து வாங்கும் வாக்குமூலத்தைக் கண்டித்தார். 1252இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் திரிபுக்கொள்கையினர்மீது வதையை அனுமதித்தார். 1953 அக்டோபரில், குற்றவியல் சட்ட அறிஞர் மாநாட்டினரிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மீண்டும் நிக்கோலாஸின் பக்கம் நின்றார். உடல் வதையையும் மன வதையையும் மருந்து கொடுத்துப் பேச வைக்கும் முறையையும் விசாரணையிலிருந்து அறவே நீக்க வேண்டும் என்றார்.

மருந்து கொடுத்துப் பேச வைத்தல் என்றதும் உங்களுள் பலருக்குச் சகோதரி அபயா நினைவுக்கு வருவார். ஒரு குரு அவ்வழக்கைப் பற்றி எழுதுவதா என்று தயங்குவோர் தயங்கட்டும்; குருக்கள் வாய்மூடி இருந்தது போதும். 1992 மார்ச் 27 அன்று கோட்டயத்தில் அவருடைய உடல் துறவு இல்லத்தின் கிணற்றில் கிடந்தது. தற்கொலை என்று முதலில் முடித்து வைத்தனர். 2007இல் பெங்களூரில் இரு குருக்களுக்கும் ஒரு கன்னியருக்கும் நார்கோ சோதனை நடந்தது. 2009இல் அக்காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஓடின. மருந்து மயக்கத்தில் உளறியதை மக்கள் வீட்டிலிருந்து கண்டனர். உண்மை வெளிவந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினர். ஆனால் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. நார்கோ முடிவு சான்றாகாது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. 2020 டிசம்பரில் ஒரு குருவும் ஒரு கன்னியரும் தண்டிக்கப்பட்டபோது, முதன்மைச் சாட்சியாய் நின்றவர் அன்றிரவு துறவு இல்லத்தில் செம்பு திருடப் போன ஒரு திருடர். பழியைத் தாமே ஏற்கும்படி காவலர் அடித்தும் ஆசை காட்டியும் தாம் இசையவில்லை என்றார் அவர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தம் சொல்லில் நின்றார். குறுக்கு விசாரணையையும் தாங்கினார். 2022இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்தி வைத்து இருவருக்கும் பிணை வழங்கியது. அவர்கள் குற்றத்தைப் பற்றி நான் தீர்ப்புரைக்க வரவில்லை. நான் சொல்வது இவ்வளவே: வழக்கை நகர்த்தியது கூண்டில் ஏறிக் கேள்விக்கு விடை சொன்ன ஒரு மனிதரின் சொல், ஊசி ஏற்றி எடுத்த குறுந்தகடு கேளிக்கைக்கு மட்டுமே பயன்பட்டது.

அதே வாரத்தில், நான்கு நாள் முன்னதாக, 1992 மார்ச் 23 அன்று, நம்மில் பலர் குடியிருக்கும் இதே பாப்பாடோய்டோயில் சூசன் பர்டெட் என்ற பெண் தம் வீட்டில் கொல்லப்பட்டார். ஓராண்டுக்குப் பின் 17 வயது டீனா போராவைக் காவலர் நாள்கணக்கில் விசாரித்தனர். அவர் ஒப்புக்கொண்டார். கொலை நடந்த வீட்டைக்கூட அவரால் சுட்டிக்காட்ட இயலவில்லை. காவலரே காட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் இருமுறை தண்டிக்கப்பட்டு இருபது ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். தாயின் மதுவால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டவர் அவர் என்பதைக் கருத்திற்கொண்டு, 2015 மார்ச்சில் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தண்டனையை நீக்கியது. மால்கம் ரீவா அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்டது 2019இல்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மடல் எழுதியோரின் கடைசி அரண் இதுதான்: "கருவி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, சாமி. அதைப் பார்த்த அச்சத்திலேயே திருடியவர் ஒப்புக்கொள்வார்." சோதனையாளர்களின் பழைய தந்திரமும் அதுவே. தொடக்கத்தில் ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, அது எந்தச் சீட்டு என்று கருவி கண்டுபிடிப்பதாய்க் காட்டி அச்சுறுத்துவர். சிலர் அதற்குக் குறியிட்ட சீட்டுகளையே வைத்திருந்தனர். ஆனால் அச்சத்தில் குற்றவாளி மட்டுமா ஒப்புக்கொள்கிறான்? டீனா போராவைக் கேளுங்கள். இலங்கையிலிருந்து வந்த உறவுகளுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக்கியது. தமிழ் மட்டும் அறிந்த நல்லரத்தினம் சிங்கராசாவிடம் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கிப் பல்லாண்டுச் சிறை விதித்தனர், 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதை உரிமை மீறல் என்றது. அந்த நாட்டைவிட்டு ஓடிவந்த நாம், இங்கே ஒரு கோயில் அறையில் அதன் சிறு பதிப்பை அமைக்கவா?

இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. நார்கோ, மூளைப் பதிவு, பொய் கண்டறியும் சோதனை ஆகிய மூன்றையும் எவர்மீதும் அவர் இசைவின்றிச் செலுத்தலாகாது. தன்னைத் தானே குற்றப்படுத்திக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியல் சட்டப் பாதுகாப்பை அது மீறும். இசைவு அளித்தாலும் வழக்குரைஞரின் துணையோடு நடுவர் முன்னிலையில் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுக்குப் பின்னரும் முடிவு சான்றாகாது. நாம் வாழும் இந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், உண்மை மருந்தின் மயக்கத்தில் கூறியதை 1967இலேயே மக்கே வழக்கில் ஏற்க மறுத்தது. திருச்சியில் 2012இல் கொல்லப்பட்ட இராமஜெயம் வழக்கில் 2023இல் பலரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று இச்சோதனையைச் செய்தனர். பத்தாண்டுக்கு மேல் துப்பு கிடைக்காத வழக்கில் காவல்துறை கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு அது. நமக்கு இன்னும் பற்றுச்சீட்டுகளைக்கூடச் சரிபார்க்க நேரம் கிட்டவில்லை, அதற்குள் கருவி!

"விரும்புவோர் மட்டும் அமரட்டும்" என்கிறீர்கள். பன்னிருவருள் ஒன்பது பேர் அமர்ந்து மூவர் மறுத்தால், அடுத்த ஞாயிறு அம்மூவருக்கு அருகே எவர் அமர்வார்? வேலை விசாவை நம்பி வாழும் ஓர் இளைஞரிடம் பெரியவர்கள் ஐவர் சென்று "விருப்பமிருந்தால் வா, தம்பி" என்றால், அவர் மறுக்க முடியுமா? நம் சமூகத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கிறைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரிப் பல்கலைக்கழகத்தில் மூளை அலைகளைக் கொண்டு ஆய்வு நடந்திருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். அது பொய்யைத் தேடுவதன்று. காட்டப்படும் பொருளை மூளை முன்பே அறியுமா என்று பார்ப்பது. பணப்பையைப் பன்னிருவரும் அறிவர். நானும் அறிவேன்.

இன்னொருவர் இன்னும் எளிய வழி சொன்னார்: "பாவசங்கீர்த்தனத்தில் யாராவது சொல்லியிருப்பார்களே, சாமி, ஒரு குறிப்புக் கொடுங்களேன்." இதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் முறை கேட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உண்மையைக் காண வழியே இல்லையா? சூசன்னாவின் வரலாற்றைப் படியுங்கள். பொய்ச்சாட்சி கூறிய இரு முதியோரின் நாடியைத் தானியேல் பிடித்துப் பார்க்கவில்லை. இருவரையும் பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று ஒரே கேள்வியைத் தனித்தனியே கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். சரிபார்க்கக்கூடிய கேள்வி அது. நமக்கும் அத்தகைய கேள்விகள் உண்டு. தோசைக் கடைக்கு எத்தனை சீட்டுப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை திரும்பின? அட்டை வழியே வந்த தொகையையும் ரொக்கத்தையும் ஒரே தாளில் எழுதியவர் யார்? மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே பை யார் பொறுப்பில் இருந்தது? எரிவாயு உருளைக்கும் கோழிக்கும் அங்கேயே ரொக்கமாகக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எங்கே? இவற்றுள் ஒன்றையும் எவரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் நம் ஒழுங்கின்மை வெளிப்படும் என்ற கூச்சமே காரணம் என்று ஐயுறுகிறேன். ஒருவரைத் திருடர் ஆக்குவதைவிட அந்தக் கூச்சம் நமக்குப் பெரிதாய்ப் போயிற்று.

ஆகவே செய்யப்போவது இது. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அரங்கில் கணக்குக் கூட்டம் நடைபெறும். நம் சமூகத்தைச் சாராத கணக்காளர் ஒருவர் எல்லாத் தாள்களையும் பார்வையிட இசைந்துள்ளார். பன்னிருவரும் வரலாம், வராதவர்மீது எக்குறையும் எழுதப்படாது. குற்றம் நிகழ்ந்ததற்குச் சான்று கிட்டினால் காவல்துறையிடம் செல்வோம். அதை மறைக்கவும் மாட்டேன். அடுத்த திருவிழா முதல் உறவல்லாத இருவர் சேர்ந்தே பணம் எண்ணுவர், எண்ணிட்ட பையில் முத்திரையிட்டு அன்றே வங்கியில் செலுத்துவர். வாட்ஸாப் குழுவில் இப்பன்னிருவருள் எவர் பெயரையேனும் எழுதியிருப்போர், கூட்டத்துக்கு முன்பே அதை நீக்கி, அவரிடம் நேரில் சென்று பேச வேண்டும்.

திருவிழா நாளில் கடைகளுக்குப் பொருள் வாங்கித் தந்தவர்கள் பற்றுச்சீட்டுகளை, மசாலா படிந்திருந்தாலும் கிழிந்திருந்தாலும், சனிக்கிழமை மாலைக்குள் சாக்ரிஸ்டியில் சேர்த்துவிடுங்கள்.